யாழ்ப்பாணத்து வீட்டில் ஒரு சின்னக் கடல்மீன் தொட்டி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நல்லூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இரண்டரை அடி நீளமான கடல்மீன் தொட்டி ஒன்று இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் தேநீர் ஆறிப்போகும்வரை அதன் முன்னால் நின்றுவிட்டு, புறப்படும்போது நாலு கேள்வி கேட்பார்கள். சிலர் மறுவாரம் தொலைபேசியில் இன்னும் நாலு கேட்பார்கள். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துப்போய் எழுதியது இது. மீன் மட்டும் வளர்க்கும் முதல் தொட்டியைப் பற்றியே எழுதியிருக்கிறேன். உயிருள்ள முருகைகள் (பவள உயிர்கள்) வளர்ப்பது வேறு கதை.

நன்னீர் மீன்கூட வளர்த்ததில்லை. நேராகக் கடல்மீனில் தொடங்கலாமா?

தாராளமாக. நன்னீரில் பழகியவர்கள் சிலர் இரண்டு கெட்ட பழக்கங்களோடு வருகிறார்கள்: தொட்டி வாங்கிய அன்றே மீன் விடுவது, தண்ணீர் கலங்கினால் முழுவதையும் இறைத்துக் கழுவுவது. ஒன்றும் தெரியாமல் வருகிறவருக்கு மறக்கவேண்டியது எதுவுமில்லை.

சுற்றிலும் கடல் உள்ள ஊர். இங்கே கடல்மீன் வளர்ப்பது சுலபம்தானே?

நானும் அப்படித்தான் நினைத்தேன். யாழ்ப்பாணத்தில் தொட்டிக்காரரை வீழ்த்துபவை மூன்று: வெயில், மின்தடை, உப்பும் உரமும் கலக்காத நல்ல தண்ணீர் இல்லாமை. கடல் பக்கத்தில் இருப்பது இவற்றில் ஒன்றுக்கும் உதவாது. உப்புத் தண்ணீரை எப்படியாவது தேடிக்கொள்ளலாம்; நாள்தோறும் ஆவியாகிப் போவதை ஈடுசெய்யச் சுத்தமான நன்னீர் வேண்டும் என்பதைத்தான் யாரும் முதலில் யோசிப்பதில்லை. ஆகவே திட்டத்தை மீனில் இருந்து தொடங்காதீர்கள். தண்ணீர், குளிர்ச்சி, மின்சாரம் மூன்றுக்கும் வழி செய்துகொண்டு கடைசியாக மீனுக்கு வாருங்கள். கீழே உள்ள பதில்களில் பாதி இதன் விரிவுதான்.

சின்னத் தொட்டி என்றால் எவ்வளவு சின்னது?

30 அங்குல நீளம், 15 அங்குல அகலம், 16 அங்குல உயரம். கணக்குப்படி 118 லீற்றர். கல்லும் மணலும் இடம் பிடித்தபின் உண்மையில் நிற்பது ஏறக்குறைய 100 லீற்றர். முதல் தொட்டிக்கு இதைவிடச் சிறியதை நான் யாருக்கும் சொல்வதில்லை.

மேசையில் வைக்கிற 30 லீற்றர்க் கண்ணாடிப் பெட்டி அழகுதான். ஆனால் தண்ணீர் ஆவியாகும்போது உப்பு கூடவே போவதில்லை. கடல்நீரில் ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு. அந்தப் பெட்டியில் 2 லீற்றர் ஆவியானால் அது 37.5 ஆகிவிடும். 100 லீற்றரில் அதே 2 லீற்றர் போனால் 35.7 தான். ஒரு நாள் மறந்தாலும் மீன் பிழைக்கவேண்டுமானால் பெரிய பாத்திரம் வேண்டும்.

கண்ணாடி 8 மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது. நிரம்பிய தொட்டி ஏறக்குறைய 150 கிலோ, அதாவது மூன்று மூட்டை சீமெந்து. அதைத் தாங்கும் மேடையை இரும்பில் செய்யாதீர்கள். சிந்துகிற உப்புநீர் வெகு விரைவில் அதைத் தின்றுவிடும். கல் கட்டலாம், அல்லது முதிரைப் பலகையில் செய்யலாம்.

வீட்டில் எங்கே வைப்பது?

வெயில் நேரே விழாத உள்சுவர் ஓரம். யன்னலோரம் வைத்தால் சூடும் பாசியும் சேர்ந்து வரும். பிளக் செருகும் இடம் தொட்டிக்குப் பக்கவாட்டில், சற்று உயரத்தில் இருக்கட்டும். வயர் கீழே தொங்கி மறுபடி மேலேறிப் பிளக்குக்குப் போகவேண்டும். அப்போதுதான் வயர் வழியே வடியும் உப்புநீர் தாழ்ந்த இடத்தில் சொட்டி விழும். வீட்டில் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று தொட்டி வாங்குமுன் பாருங்கள்.

இன்னொன்று, நம்மூருக்கே உரியது. நுளம்புத்திரியிலும் நுளம்புக்கு அடிக்கும் ஸ்பிறேயிலும் இருப்பவை பெரும்பாலும் பைரித்திரோயிட் வகை நஞ்சுகள். மனிதருக்கு அவ்வளவு கெடுதல் செய்யாதவை மீனையும் இறாலையும் சுருட்டிப் போட்டுவிடும். காற்றுப் பம்ப் அறைக் காற்றை இழுத்து நேரே தண்ணீருக்குள் தள்ளுவதால், திரியைப் பக்கத்து அறையில் கொளுத்தினாலும் ஆபத்துத்தான். மார்கழி, தை மாதங்களில் டெங்குப் புகை அடிக்க ஆட்கள் ஒழுங்கைக்குள் வருவார்கள். அந்தச் சத்தம் கேட்டவுடன் யன்னல்களைச் சாத்தி, காற்றுப் பம்பை நிறுத்தி, தொட்டியின் மேல் ஈரத்துணி போட்டு மூடிவிடுவேன். உள்ளே தண்ணீரைச் சுற்றும் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கட்டும். புகை முழுவதும் கலைந்தபின் துணியை எடுத்தால் போதும்.

கடலில் இருந்து தண்ணீர் அள்ளி ஊற்றலாமா?

ஊற்றலாம். எந்தக் கடல், எந்த மாதம் என்பதில்தான் விடயம் இருக்கிறது.

யாழ்ப்பாணக் கடல்நீரேரி வேண்டவே வேண்டாம். பண்ணைப் பாலத்தடியில் அள்ளுவது எளிது என்பது உண்மை. ஆனால் ஆழமில்லாத அந்தத் தண்ணீர் கோடையில் கடலைவிட உப்பேறியும் மாரியில் மழைநீர் கலந்து சப்பென்றும் இருக்கும். ஊர்க் கழிவும் அங்கேதான் வந்து சேர்கிறது. வடக்குக் கரையில், பருத்தித்துறைப் பக்கம், துறைமுகத்தையும் வள்ளங்கள் எண்ணெய் சிந்தும் இடங்களையும் விட்டு விலகி அள்ளுங்கள். ஐப்பசி முதல் தை வரை விட்டுவிடுங்கள். வடகீழ்ப் பருவக்காற்று கடலைக் கலக்கிவிடும், மழையால் உப்பும் இறங்கிவிடும்.

என் முதல் முயற்சி கீரிமலையில். கரையில் அலை தெளிவாக இருந்தது. 20 லீற்றர்க் கான் நாலு நிரப்பி ஓட்டோவில் கொண்டுவந்து உப்புமானியில் ஒரு துளி விட்டுப் பார்த்தால், 35 இருக்கவேண்டிய இடத்தில் 29. மானி பழுது என்று நினைத்துத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். பிறகுதான் உறைத்தது: நாம் குளிக்கிற கேணிக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? சுண்ணக்கல்லின் வெடிப்புகள் வழியே வரும் நிலத்தடி நன்னீர் கரையோரத்தில் கடலுக்குள்ளும் கசிகிறது. ஊர் முழுவதும் போற்றுகிற ஊற்று என் தொட்டிக்கு எதிரியாகிவிட்டது.

அள்ளிய தண்ணீரை வேட்டித் துணியை நாலாக மடித்து வடிகட்டி, மூடிய வாளியில் இருட்டில் காற்றுப் பம்புடன் இரண்டு வாரம் வையுங்கள். கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் இறந்து அடியில் படியும். மேல்தண்ணீரை மட்டும் எடுத்து, உப்பு அளந்து, அமோனியா (அழுகுவதில் பிறக்கும் நஞ்சு) இல்லை என்று பார்த்துப் பயன்படுத்துங்கள்.

இவ்வளவும் சொன்னபின் என் கருத்து: முதல் தொட்டியை, பையில் வரும் மீன்தொட்டிக் கடலுப்பைக் கரைத்தே நிரப்புங்கள். 100 லீற்றருக்கு மூன்றரை முதல் நாலு கிலோ வரை ஆகும். செலவுதான். ஆனால் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று தெரிந்து தொடங்குவீர்கள்.

ஆனையிறவு உப்பைக் கரைத்தால் கடல்நீர் ஆகிவிடாதா? அதுவும் கடலில் இருந்து வந்ததுதானே?

எல்லாரும் கேட்கும் கேள்வி, நியாயமான கேள்வியும்கூட. உப்பளத்தில் நடப்பதைப் பார்த்தால் பதில் கிடைக்கும். பாத்தியில் தண்ணீர் வற்ற வற்ற முதலில் சுண்ணாம்பு படிகிறது. பிறகு ஜிப்சம். அவை முன்பாத்திகளிலேயே தங்கிவிடும். அதன்பின்தான் உப்பு பூக்கும். உப்பை வாரி எடுத்தபின் மிஞ்சும் கசப்பு நீரில் மகனீசியமும் பொற்றாசியமும் இருக்கின்றன. அதை வெளியே விட்டுவிடுவார்கள். அதாவது நல்ல உப்பு என்பதற்கு அர்த்தமே, கடலில் இருந்த மற்ற எல்லாவற்றையும் கழித்த உப்பு என்பதுதான். கறிக்கு அது சிறப்பு. மீனுக்கோ லீற்றருக்கு ஏறக்குறைய 1,300 மில்லிகிராம் மகனீசியமும் 400 மில்லிகிராமுக்குச் சற்று மேல் கல்சியமும் உள்ள தண்ணீர் வேண்டும். காரத்தன்மை குலையாமல் நிற்கவேண்டும். கறியுப்புக் கரைசலில் இவை கிடையாது. போதாக்குறைக்கு மேசையுப்பில் அயடீனும், கட்டியாகாமல் இருக்கச் சேர்க்கும் பொருளும் வேறு.

ஆவியாகும் தண்ணீருக்குப் பதில் கிணற்றுத் தண்ணீர் விடலாமா?

வேண்டாம். சுண்ணக்கல் நிலத்தில் ஊறிய தண்ணீர் கடினமானது என்பது உங்கள் வீட்டுக் கேத்தலின் அடியைப் பார்த்தாலே தெரியும். அதைவிடப் பெரிய சிக்கல், பாசிக்கு உரமாகும் நைத்திரேற்று. தோட்டத்து உரமும் மலக்குழிக் கசிவும் கல்லின் துளைகள் வழியே நேரே கிணற்றுக்குள் இறங்குகின்றன. வலிகாமத்துத் தோட்டக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்குக் குறித்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் எல்லையைத் தாண்டி இருப்பது நெடுநாளாக அறிந்த செய்தி. அந்தத் தண்ணீரைத் தினமும் ஒரு செம்பு விட்டால் மூன்றே மாதத்தில் கல்லெல்லாம் மயிர்போலப் பச்சைப்பாசி பிடித்துவிடும்.

கடைகளில் கானில் நிரப்பித் தருகிற, சவ்வு வழியே வடித்த ஆர்.ஓ. தண்ணீர் போதும். ஆனால் வடிகட்டிச் சவ்வை எப்போது மாற்றினார்கள் என்பது கடைக்காரருக்கே சில நேரம் தெரியாது. கரைந்த திண்மங்களை அளக்கும் பேனா வடிவ மானி ஒன்று வாங்கிவைத்து ஒவ்வொரு கானையும் பாருங்கள். 10 இற்குள் காட்டினால் சந்தோஷமாக வாங்குவேன். 50 காட்டினால் வேறு கடை.

கல் எங்கிருந்து எடுப்பது? தீவுப் பக்கம் முருகைக்கல் கிடக்கிறதே?

கிடக்கிறது, எடுக்கக்கூடாது. கல் முருகைகள் எல்லாம் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை. கரையோரத்தில் முருகைக்கல் அகழ்வதைக் கரையோரப் பாதுகாப்புச் சட்டமும் தடுக்கிறது. நெடுந்தீவில் வேலியாக அடுக்கிய முருகைக்கற்களைப் பற்றி ஒருவர், "அது பழைய கல்தானே, இரண்டு எடுத்தால் என்ன?" என்று கேட்டார். யாரோ ஒருவருடைய பாட்டனார் கையால் அடுக்கிய வேலி. இதற்கு நான் என்ன பதில் சொல்ல?

கடையில் விற்கும் உலர்ந்த கல்லை வாங்குங்கள்: நுண்துளை நிறைந்த, கைக்குப் பாரமில்லாத கல். 10 கிலோ போதும். அடித்தளத்துக்கு வீட்டு வளவில் கிணறு வெட்டியபோது வந்த துளைவிழுந்த சுண்ணக்கல் இருந்தால் ஒன்றிரண்டு வைக்கலாம். ஆனால் மண்ணைத் தேய்த்துக் கழுவி, ஆர்.ஓ. தண்ணீரில் சில வாரம் ஊறவிட்டு, அந்தத் தண்ணீரில் நைத்திரேற்றும் பொசுபேற்றும் இல்லை என்று கண்டபின்தான். கல்லை மணலின் மேல் வைக்காதீர்கள். கண்ணாடித் தளத்தில் வைத்துவிட்டு மணலைச் சுற்றிப் போடுங்கள், இல்லாவிட்டால் மீன் அடியில் தோண்டக் கல் சரியும்.

ஒருபோதும் செய்யக்கூடாதது: யாராவது கொடுத்த, உயிர் ஒட்டியிருந்த கல்லைக் கொதிக்கவைத்துச் சுத்தம் செய்வது. கல்லில் ஒட்டி வளரும் பொத்தான் போன்ற சில உயிர்களில் பாலிடொக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. ஆவியோடு அதை மூச்சில் இழுத்துக் குடும்பமாக மருத்துவமனைக்குப் போனவர்கள் வெளிநாடுகளில் இருக்கிறார்கள்.

மணல்?

கடையில் விற்கும் சுண்ணாம்பு மணல், ஒரு அங்குலம். கடற்கரையில் அள்ளுவதற்கு அனுமதி வேண்டும். அனுமதி பெற்று அள்ளும் அளவுக்கு அது உயர்ந்த சரக்குமில்லை. மணலே இல்லாமலும் நடத்தலாம்.

என்னென்ன கருவிகள் கட்டாயம்?

தண்ணீரைச் சுழற்றும் சிறு மோட்டார் இரண்டு. ஒன்று நின்றாலும் மற்றது ஓடும். பின்கண்ணாடியில் தொங்கும் வடிகட்டி ஒன்று. உப்பை அளக்க ஒளிவிலகலில் வேலை செய்யும் உப்புமானி. மிதக்கும் முள்ளுடைய மலிவுப் பெட்டி வேண்டாம், அதில் ஒரு காற்றுக்குமிழ் ஒட்டினாலே கணக்குத் தவறிவிடும். வெப்பமானி. அமோனியா, நைத்திரைற்று, நைத்திரேற்று மூன்றுக்கும் சோதனைத் திரவங்கள். மேலே மூட மெல்லிய வலைச்சட்டம். கண்ணாடி மூடி போட்டால் சூடு உள்ளேயே நிற்கும்.

நுரையோடு அழுக்கைப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மர் நல்லது. ஆனால் மூன்று மீனுக்கு, வாராவாரம் தண்ணீர் மாற்றுகிறவருக்கு, முதல் ஆண்டில் கட்டாயமில்லை. ஹீற்றரைக் கடைக்காரர் கேட்காமலே பெட்டியில் வைப்பார். திருப்பிக் கொடுத்துவிட்டு அந்தக் காசுக்கு மின்விசிறி வாங்குங்கள்.

நம்மூர் வெயிலுக்கு மீன் தாங்குமா?

25 முதல் 28 பாகை செல்சியஸ் வரை வசதி. 30 ஐத் தாண்டினால் கவலைப்படவேண்டும். ஏன்? கடல்நீர் நன்னீரைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவாகத்தான் ஒட்சிசனைப் பிடித்துவைக்கும். சூடேற ஏற அதுவும் குறையும், மீனுக்குத் தேவையோ கூடும். அமோனியாவின் நஞ்சும் சூட்டோடு ஏறும்.

குளிரூட்டி வாங்க வசதியில்லாதவருக்கு வழி, தண்ணீரின் மேற்பரப்பைத் தொட்டுச் செல்லும்படி சாய்த்து வைத்த சிறு மின்விசிறி. ஆவியாகும் தண்ணீர் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே வித்தைதான். இரண்டு மூன்று பாகை இறங்கும். காற்றில் ஈரப்பதன் கூடிய நாட்களில் அவ்வளவு இறங்காது. விலை, தினமும் இரண்டு மூன்று லீற்றர் ஆர்.ஓ. தண்ணீர். ஆக, வெயிலின் சிக்கலைத் தீர்த்தால் தண்ணீரின் சிக்கல் வந்து நிற்கும். அதனால்தான் கான்களை முன்கூட்டியே வாங்கி வரிசையாக வைத்திருக்கிறேன். தொட்டிக் கண்ணாடியில் தண்ணீர் நிற்கவேண்டிய உயரத்துக்கு ஒரு கோடு போட்டிருக்கிறேன். காலையில் பல் விளக்கப் போகுமுன் கோடு வரை விடுவேன். உப்புநீர் விடுவதில்லை, நன்னீர் மட்டும்.

சித்திரை, வைகாசியில் மதியம் கடுமையானால், குளிர்பெட்டியில் உறைய வைத்த தண்ணீர்ப் போத்தலை மூடியோடு மிதக்க விடலாம். ஒரேயடியாகக் குளிர்விக்காமல் ஒவ்வொரு போத்தலாக விடுங்கள்.

மின்சாரம் நின்றால்?

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு ஏறியதால் நாடு முழுவதும் இருண்டது என்று அமைச்சரே சொன்னார். குரங்குக்கு எதிராகத் திட்டம் போடமுடியாது. பற்றரிக் காற்றுப் பம்ப் வாங்கலாம். மின்சாரம் நின்றவுடன் தானே ஓடத் தொடங்கும் வகை உண்டு. தொலைபேசிக்கு வைத்திருக்கும் பவர் பாங்கில் ஓடும் சிறு பம்பும் போதும். மீன் குறைவாக இருந்தால் பம்ப் இல்லாமலும் சில மணி நேரம் தாங்கும். அந்த நேரத்தில் உணவு போடாதீர்கள்.

மூடிய வெளி வடிகட்டி வைத்திருப்பவர்கள் கவனிக்க: பல மணி நேரம் நின்ற வடிகட்டிக்குள் ஒட்சிசன் தீர்ந்து தண்ணீர் நாறிவிடும். மின்சாரம் வந்ததும் அது அப்படியே தொட்டிக்குள் பாயும். முதலில் திறந்து அந்தத் தண்ணீரைக் கொட்டுங்கள்.

எத்தனை நாளில் மீன் விடலாம்?

நாலு முதல் ஆறு வாரம். இந்தப் பதிலைக் கேட்டதும் பாதிப்பேர் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

மீனின் கழிவில் இருந்தும் மிஞ்சிய உணவில் இருந்தும் அமோனியா வருகிறது. ஒருவகைப் பற்றீரியாக்கள் அதை நைத்திரைற்றாகவும், வேறொரு வகை அதை நைத்திரேற்றாகவும் மாற்றும். முதலாவது மீனைக் கொல்லும். கடைசியானது ஓரளவு வரை கெடுதல் செய்யாது. இந்தப் பற்றீரியாக்கள் கல்லில் குடியேறிப் பெருகுவதற்குத்தான் இத்தனை வாரம்.

நான் செய்தது: சின்னக்கடையில் வாங்கிய இறாலில் ஒன்றைப் பழைய நைலோன் காலுறைத் துண்டில் முடிந்து தொட்டிக்குள் தொங்கவிட்டேன். அழுகட்டும் என்றுதான். என் கொப்பியில் இருப்பது இது: 5 ஆம் நாள் சோதனைக் குழாயில் மஞ்சள் பச்சையானது, அமோனியா 2. இறாலை எடுத்துவிட்டேன். 14 ஆம் நாள் நைத்திரைற்றுக் குழாய் கத்தரிப்பூ நிறம். 23 ஆம் நாள் அமோனியா இல்லை, நைத்திரைற்று இன்னும் கத்தரிப்பூ. அதே வாரம் கல்லெல்லாம் மண்ணிறத் தூள் படிந்தது. அது ஒருவகை நுண்பாசி, புதுத் தொட்டி எல்லாவற்றிலும் வந்து தானாகப் போகும். 34 ஆம் நாள் இரண்டு குழாயும் தெளிவு, நைத்திரேற்று மட்டும் கடும் செம்மஞ்சள். "என்ன, கல்லுக்குப் பூசை செய்கிறாயா?" என்று அம்மா கேட்டது இதற்கு இடையில் எங்கோ. 36 ஆம் நாள் பாதித் தண்ணீரை மாற்றினேன். 38 ஆம் நாள் முதல் மீன்.

போத்தலில் விற்கும் பற்றீரியா விட்டால் நாட்கள் குறையலாம். அப்போதும் சோதனைக் குழாய் சொல்வதைத்தான் நம்பவேண்டும், போத்தலின் லேபிளை அல்ல.

எந்த மீன், எத்தனை?

இந்தத் தொட்டிக்கு மூன்று, மிஞ்சினால் நாலு. இரண்டு கோமாளி மீன்கள் (பிள்ளைகள் நீமோ என்பார்கள்) முதலில். கடையில் கிடைக்கும் செம்மஞ்சளில் வெள்ளைப் பட்டியுள்ள ஒசெல்லாரிஸ் வகை நம் கடலுக்கு உரியது அல்ல. கிழக்கே அந்தமான் தொடங்கிப் பசிபிக் வரை உள்ளது. பண்ணையில் பிறந்ததைக் கேட்டு வாங்குங்கள். தொட்டி வாழ்க்கைக்குப் பழகியது, உணவு தின்னும், நோய் குறைவு. ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக எடுங்கள். கோமாளி மீன்கள் எல்லாம் ஆணாகவே வளரும். கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறும். ஒரே அளவில் இரண்டு வாங்கினால் யார் பெரியவர் என்று சண்டை. நன்றாக வைத்தால் பத்து ஆண்டுக்கு மேல் உயிர்வாழும், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

ஒரு மாதம் கழித்து ஒரு சாதுவான மீன்: சிறு கோபி, அல்லது தணல்வால் மீன் என்று நான் அழைக்கும் ஃபயர்பிஷ். இரண்டாவது பயந்தால் துள்ளி வெளியே விழும், வலைச்சட்டம் அதற்குத்தான். நீல டாம்செல் மலிவு, அழகு, அடாவடி. முதலில் அதை விட்டால் தொட்டி அதன் உறுதிக்காணி. பிறகு வருகிற எவரையும் இருக்கவிடாது. டோரி என்று கேட்கும் நீல சர்ஜன் மீன் ஓர் அடி வளரும், ஆறடித் தொட்டிக்காரரிடம் விட்டுவிடுங்கள். மாண்டரின் மீன் கண்ணைப் பறிக்கும். உயிருள்ள நுண்ணிரை இல்லாமல் புதுத் தொட்டியில் பட்டினி கிடந்து சாகும்.

பாசி தின்ன நத்தைகள் நாலைந்து போதும். நீங்களே கரையில் பொறுக்கப் போகாதீர்கள். கூம்பு வடிவில் அழகான கோலம் போட்ட சங்குக்குள் இருக்கும் நத்தை குத்தினால் மனித உயிருக்கே ஆபத்து.

கோமாளி மீனுக்கு, அது கடலில் ஒளிந்து வாழும் பூப்போன்ற கடற்சாமந்தி வேண்டாமா?

வேண்டாம். அதற்குக் கடும் ஒளியும் ஓராண்டாவது பழகிய தொட்டியும் வேண்டும். என் சோடி வடிகட்டிக் குழாயின் மூலையைத் தன் வீடாக்கிக்கொண்டது.

சிறகுவலையில் பட்ட குஞ்சு மீன், கடற்குதிரை, கடலட்டை இவற்றை விடலாமா?

வலையில் உரசிய மீனின் மேல்வழுவழுப்பு போயிருக்கும், புண் பிடிக்கும். அதோடு இன்று விரல் நீளமான ஒரா நாளை குழம்புக்குரிய ஒரா. அதன் முள் குத்தினால் எப்படிக் கடுக்கும் என்று மீன் வெட்டிய யாரையும் கேளுங்கள்.

கடற்குதிரை பன்னாட்டு வணிகத்தில் கட்டுப்பாடு உள்ள உயிர். சட்டம் ஒருபுறம் இருக்க, அது வேகமாகத் தின்னத் தெரியாத மீன். மெதுவாக வந்து பார்த்துக்கொண்டே இருக்கும். அதற்குள் மற்ற மீன் உணவை முடித்துவிடும்.

கடலட்டையைப் பற்றிக் கேட்பவர்கள் பெரும்பாலும் பண்ணையில் வேலை செய்பவர்களின் உறவினர்கள். இரண்டரை அடித் தொட்டி மணலில் அதற்கு ஒரு மாத உணவுகூட இருக்காது. மெலிந்து செத்தாலோ மோட்டாரில் மாட்டினாலோ உடலில் உள்ள நஞ்சு வெளியே வரும். அன்றைக்கே எல்லா மீனும் போய்விடும்.

கொழும்பில் இருந்து மீனை எப்படிக் கொண்டுவருவது?

இரவுப் பஸ், ரெஜிபோம் பெட்டி, ஒட்சிசன் நிரப்பிய பை. ஒரு பைக்கு ஒரு மீன். மீன் இரண்டு நாள் உண்ணாமல் இருந்தால் பைத் தண்ணீர் சுத்தமாக இருக்கும் என்பதால் முன்பே கடைக்காரரிடம் சொல்லிவைக்கவேண்டும். குளிரூட்டிய பஸ்ஸில் பெட்டி காற்றுத் துளைக்கு நேரே கீழே இருக்கக்கூடாது.

விடுவதில் ஒரு நுணுக்கம் உண்டு. பல மணி நேரம் மூடிய பைக்குள் மீன் விட்ட மூச்சால் தண்ணீர் புளிப்பேறி இருக்கும்; அந்தப் புளிப்பு அமோனியாவின் நஞ்சை அடக்கிவைத்திருக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறி நஞ்சு விழித்துக்கொள்ளும். ஆகவே திறந்த பையில் மணிக்கணக்காகச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுக்கொண்டிருப்பது, நெடும்பயணம் வந்த மீனுக்கு நாம் அன்போடு செய்யும் கொடுமை. கடைத் தண்ணீரின் உப்பு எவ்வளவு என்று முன்பே கேட்டு, வீட்டில் தனித் தொட்டியை (அது எதற்கு என்று அடுத்த பதிலில்) அதே உப்பளவில் வைத்திருங்கள். மூடிய பையை இருபது நிமிடம் மிதக்கவிட்டுச் சூட்டைச் சமப்படுத்தி, மீனை மட்டும் எடுத்து விடுங்கள். பைத் தண்ணீர் மாமரத்துக்கும் ஆகாது, வடிகாலில் ஊற்றுங்கள்.

தனித் தொட்டி எதற்கு? ஒரு தொட்டிக்கே இவ்வளவு செலவு.

தொட்டி என்றால் கண்ணாடியில்தான் வேண்டும் என்றில்லை. 40 லீற்றர் பிளாஸ்டிக் பெட்டி, பஞ்சு வடிகட்டி, மீன் ஒளிய ஒரு பிவிசி குழாய்த் துண்டு. நாலு வாரம் அங்கே இருக்கட்டும். கடல்மீனுக்கு வரும் வெள்ளைப்புள்ளி நோயின் கிருமி மீனைவிட்டு இறங்கி மணலில் கூடுகட்டிப் பெருகும். பெரிய தொட்டிக்குள் ஒருமுறை புகுந்தால் எல்லா மீனையும் வெளியே எடுத்து, தொட்டியை இரண்டரை மாதம் மீனின்றி வைக்கவேண்டும். செம்பு மருந்து அதைக் கொல்லும். நத்தையையும் இறாலையும் சேர்த்துக் கொல்லும், கல்லிலும் ஊறிவிடும். மருந்து எதுவும் பிளாஸ்டிக் பெட்டியோடு நிற்கட்டும்.

என்ன உணவு?

கடல்மீனுக்குரிய உருண்டை உணவு சிறிது, வாரம் இருமுறை பச்சை இறாலைப் பொடியாக அரிந்து கழுவியது. இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு. சூடை போன்ற எண்ணெய் மீன் போட்டால் மேற்பரப்பில் படலம் படரும்.

வாராவாரம் என்ன வேலை?

ஞாயிறு காலையில் முக்கால் மணி நேரம். 10 லீற்றர் தண்ணீரை உறிஞ்சி எடுத்து, முதல்நாளே கரைத்துக் காற்றோடு வைத்திருந்த 10 லீற்றர் உப்புநீரை விடுவது. முன்கண்ணாடியைத் துடைப்பது. விளிம்பில் பூத்த உப்பை ஈரத்துணியால் எடுப்பது. வடிகட்டிப் பஞ்சை, தொட்டியில் இருந்து எடுத்த உப்புநீரிலேயே அலசுவது; குழாயடியில் அலசினால் வாரக்கணக்காக வளர்த்த பற்றீரியா போய்விடும்.

ஒரு வாரம் ஊரில் இல்லாவிட்டால்?

பெரிய மீன் இரண்டு மூன்று நாள் உணவின்றி இருக்கும். ஒரு வாரம் என்றால், உணவு கொடுக்க யாரை விடுகிறீர்கள் என்பதில் கவனம். எங்கள் அயல்வீட்டு ஆச்சி, "பாவம், வாயைத் திறந்து திறந்து கேட்டது" என்று ஐந்து நாளில் ஒரு டப்பா உணவைப் போட்டுவிட்டார். மாத்திரை வைக்கும் கிழமைப் பெட்டியில் நாளுக்கு ஒரு சிட்டிகை போட்டு வைத்துவிட்டு, டப்பாவை ஒளித்துவிட்டுப் போங்கள். கண்ணாடிக் கோட்டைக் காட்டி, அதுவரை கானில் உள்ள தண்ணீர் என்று சொல்லுங்கள். அது உணவைவிட முக்கியம்.

மொத்தம் எவ்வளவு செலவாகும்?

விலையை எழுதினால் ஆறு மாதத்தில் பொய்யாகிவிடும். மீனுக்குப் போவது மிகக் குறைவு என்று மட்டும் சொல்லலாம். கையில் இருக்கும் காசு முழுவதும் தொட்டிக்கும் மோட்டாருக்கும் போய்விட்டால் உப்புமானியையும் சோதனைத் திரவங்களையும் "பிறகு வாங்கலாம்" என்று தள்ளிவிடுவீர்கள். அவற்றை முதலில் வாங்குங்கள்.

இனிமேல் வேண்டாம் என்று தோன்றினால் மீனைக் கடலில் விட்டுவிடலாமா?

கூடாது. அது நம் கடலின் மீனாக இல்லாமல் இருக்கலாம். நம் மீனாகவே இருந்தாலும் கடைத் தொட்டியில் ஒட்டிக்கொண்ட நோயோடு போகும். தொட்டி வைத்திருக்கும் இன்னொருவருக்குக் கொடுங்கள், அல்லது வாங்கிய கடையில் திருப்பிக் கேளுங்கள். கல்லையும் சேர்த்துக் கொடுத்துவிட்டால், வாங்குகிறவருக்கு ஆறு வாரக் காத்திருப்பு மிச்சம்.